டச்சுக்காரன் கல்லறையில் ராயப்பன் பெயர்

அந்தப் பெயரை எழுதியவன் நான். ராயப்பன் இல்லை.

பதினான்கு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் காசிமேட்டுக்காரர் இல்லை. ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்… வேறென்ன!

ராயப்பனும் நானும் ஒரே விசைப்படகில் வேலை செய்தோம். ஸ்டெல்லா அவன் மனைவி. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் படகெல்லாம் கரையில் நிற்கும். வலை தைப்போம், சீட்டாடுவோம், வீட்டில் திட்டு வாங்குவோம். அப்படி ஒரு நாள் ஸ்டெல்லாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தான்.

"வா மாமு, எங்கியாவது போலாம். வூட்ல குந்த முடியல."

அவன் பைக்கில் எண்ணூர், மீஞ்சூர் தாண்டிப் பழவேற்காடு போனோம். ஏரியைப் பார்த்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காக டச்சுக்காரன் கல்லறைக்குள் நுழைந்தோம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து, கோட்டை கட்டி, வியாபாரம் பண்ணி, இங்கேயே செத்துப்போனவர்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். ராயப்பன் அதற்கு ஒரு சல்யூட் அடித்தான்.

"இன்னா நைனா, சோறு துன்னு எவ்ளோ நாளாச்சு?"

உள்ளே கூண்டு மாதிரி, மேலே கூரையோடு கட்டிய ஒரு பெரிய சமாதி. அதன் நிழலில் படுத்தான். படுத்ததும் குறட்டை. எனக்குப் பொழுது போகவில்லை. பைக் சாவியை எடுத்தேன். அவன் தலைக்கு மேலே, சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் கீறினேன். ராயப்பன். பக்கத்தில் ஒரு சிலுவை.

விளையாட்டு. அவ்வளவுதான்!

எழுந்து பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவி! எனக்கே கல்லற கட்டிட்டியாடா!" கிளம்பும்போது மட்டும் சொன்னான்: "அத்த அழிச்சுடு மாமு. ஸ்டெல்லா பாத்தா சாமியாடும்."

"மழ அழிக்கும், வாடா" என்றேன்.

கூரைக்குக் கீழே எழுதியதை எந்த மழை அழிக்கும்? யோசித்தேனா? இல்லை.

தடை முடிந்தது. கடலுக்குப் போன முதல் நடை. காலையில் வலை இறக்கும்போது கயிறு அவன் காலைச் சுற்றியது. நான் நாலடி தள்ளி நின்றேன். கை நீட்டுவதற்குள் ஆள் இல்லை. மூன்று நாள் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை.

உயிரோடு இருப்பவன் பெயரைக் கல்லறையில் எழுதக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. மூட நம்பிக்கை என்பீர்கள். படகில் ஒரு நடை வந்துவிட்டு அதைச் சொல்லுங்கள்!

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் மெழுகுவத்தி. இன்னொரு கையில் ஏழு வயது மகள் ஜெனி.

"நான் எங்கண்ணே ஏத்தறது?"

என்னால் பார்க்க முடியவில்லை. வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பழவேற்காட்டுல, டச்சுக்காரன் கல்லறைல அவன் பேரு எழுதிக்கீது" என்றேன்.

"யாரு எழுதுனது?"

அங்கேதான்… அந்த இடத்தில்தான் நான் கெட்டேன். என் பெயரைச் சொன்னால், எழுதிக் கொன்றவன் என்பாள். குப்பமே சொல்லும். எந்தப் படகும் என்னை ஏற்றாது.

"அவன்தான்" என்றேன்.

அவ்வளவுதான். படகுக்குப் பயந்து சொன்ன பொய். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட என்னால் படகில் ஏற முடியவில்லை. கயிற்றைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன். ஆட்டோ ஓட்டப் போய்விட்டேன். எதற்காகப் பொய் சொன்னேனோ, அதுவும் கையில் நிற்கவில்லை!

அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் என் ஆட்டோவில்தான் அவர்களை அழைத்துப் போகிறேன். ஸ்டெல்லா அந்த எழுத்தை விரலால் தடவுவாள். மெழுகுவத்தி ஏற்றுவாள். திரும்பும் வழியில், மீஞ்சூர் தாண்டியதும், அதே கேள்வி.

"சிலுவையும் சேத்துப் போட்டுக்கீறாரே அண்ணே… தெரிஞ்சேதான் போனாரா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அன்னிக்கு சண்டைல 'செத்துத் தொல'ன்னு சொல்லிட்டேன். அத்த மனசுல வச்சுகினுதான் எழுதிக்கீறாரு."

"கயிறு சுத்திச்சும்மா. நான் பாத்தேன்."

"கயிறு சுத்துனத பாத்த. மனச பாத்தியா?"

பார்த்தேன்! அவன் சிரித்ததைப் பார்த்தேன். உன்னைப் பற்றிச் செல்லமாகப் பேசியதைக் கேட்டேன். இதைச் சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகும்? ஒரு சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதற்குள் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. பதினான்கு முறை அந்த ரோட்டில் திரும்பி வந்தேன். பதினான்கு முறையும் ஹாரன் அடித்தேன்.

எரிச்சல் வருகிறது. அவள் மேல்தான் முதலில். ஒரு வருடமாவது வேறு ஏதாவது கேட்டுத் தொலைக்கக் கூடாதா? பிறகு செத்தவன் மேல். சாவியைப் பிடுங்கி அவனே அழித்திருக்கலாமே! கடைசியில்தான் என் மேல். பாருங்கள், இதிலும் நான் கடைசி.

சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். முதல் வருடம் சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள், முடிந்திருக்கும். இப்போது சொன்னால்? புருஷன் தன்னால் செத்தான் என்று பதினான்கு வருடம் அழுதவளிடம், "அது சும்மா, நான் கிறுக்கினது" என்று எந்த வாயால் சொல்வது?

போன நவம்பரில் உள்ளே சாரம் கட்டியிருந்தார்கள். சுவரில் கிறுக்கியதையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசப் போகிறார்களாம். காவலாளி சொன்னார். ஸ்டெல்லா எழுத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இது கிறுக்கல் இல்லீங்க. எம் புருசன் கல்லற."

"டச்சுக்காரன் கல்லறைம்மா இது."

"அவனுக்கு மெழுவத்தி ஏத்த யாராவது வராங்களா? நான் வரேன்ல?"

காவலாளி தலையைச் சொறிந்தார். எனக்கோ உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஒழியட்டும்! சுரண்டித் தள்ளட்டும்! "வுடும்மா, போவட்டும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஜெனி என்னை முறைத்தாள். இருபத்தொரு வயது ஆகிவிட்டது அவளுக்கு. "உங்க பேரா இருந்தா வுடுவீங்களா மாமா?" என்றாள். செல்போனில் அந்த எழுத்தைக் கிட்டத்தில் வைத்து நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லா கூப்பிட்டனுப்பினாள். கல்மண்டபம் பக்கம் சந்துக்குள் வீடு. போனதும் ஜெனி சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். முன்கையில் பச்சை குத்தியிருந்தாள். தோல் இன்னும் சிவந்திருந்தது.

ராயப்பன். பக்கத்தில் சிலுவை. என் எழுத்து. அச்சு அசல்.

"அப்பா கையெழுத்து மாமா. இனிமே எவனும் சுரண்ட முடியாது. நல்லாக்கீதா?"

"நல்லாக்கீது" என்றேன்.

ஸ்டெல்லா டீயை என்னிடம் கொடுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சுவரில் தடவுவது போலவே மெதுவாகத் தடவினாள்.

"எவ்ளோ கோணலா கீது பாரு அண்ணே… கை நடுங்கிக்கீது. அழுதுகினேதான் எழுதிக்கீறாரு."

அழவில்லை. தூங்குகிறவன் மேல் படாமல் எக்கி நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாவியால் கீறினால் அப்படித்தான் வரும். நாக்கு நுனி வரை வந்தது. ஜெனி கையை இன்னும் என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சவாரி கீதும்மா" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சவாரி ஒன்றும் இல்லை.