கம்பத்தில் ஏறிய போன்

காலை ஒன்பது மணி நாற்பது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் வாசலில், மூங்கில் கம்பத்தின் உச்சியை நோக்கி ஒரு மஞ்சள் துணிப்பை ஏறிக்கொண்டிருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்த நான் முதலில் பார்த்தது அதைத்தான். பைக்குள் இருந்தது என் மாமனாரின் போன்.

மாமனார் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், கொழும்பில் எங்களோடு இருக்கிறார். மின்னஞ்சல் வழியே சதுரங்கம் ஆடும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். ஆடுபவர் தன் நகர்வை எழுதிக் குழுவுக்கு அனுப்புவார்; மற்றவர்கள் அதைப் பற்றி நாள் முழுக்க வாதாடுவார்கள். முகம் பார்த்திராத குன்னூர்க்காரர் ஒருவரிடம் மாமனார் அதுவரை எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தார். இந்த ஆட்டம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நண்பகலுக்குள் நகர்வு போய்ச் சேராவிட்டால் இதுவும் குன்னூருக்குத்தான்.

திருவிழாவுக்கு வரும் வழியில் பேருந்திலேயே நகர்வை யோசித்து முடித்துவிட்டார். ஆனால் லயங்களும் கோயிலும் பள்ளத்தில் இருந்தன, சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏற முழங்கால் விடவில்லை; போனை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப மனம் விடவில்லை. கடைத்தெருவுக்குப் போகலாமென்றால் இருந்த ஒரே பாதையில் தேர் நின்றது. ரப்பர் மரங்களைவிட உயரமாக நின்றது அந்தக் கம்பம் மட்டுமே. ஒலிபெருக்கியை ஏற்றுவதற்காக அதில் கப்பியும் கயிறும் கட்டியிருந்தார்கள். கடைத்தெருவிலிருந்து வந்திருந்த சிங்கள ஸ்பீக்கர்காரர், "ஹரி, சரி அங்கிள், ஏத்திருவோம்" என்று ஒலிபெருக்கியை அவிழ்த்துவிட்டுப் பையைக் கட்டினாராம். நகர்வோடு, சொந்த ஊர்த் திருவிழாவில் போனைக் கம்பத்தில் ஏற்றி அனுப்புவதையும் எழுதி, மாமனார் அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தார்; சிக்னல் கிடைத்ததும் மடல் தானே போய்விடும்.

பை உச்சியைத் தொட்டதும் போன் அடித்தது. கொழும்பிலிருந்து மாமியார். அவருக்கென்றே வைத்த மணி அது. தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

"அண்ணே, அக்கா கூப்பிடுறாங்க, ஏறிப் போயி எடுங்க!" என்றார் பால்குடத்தோடு நின்ற ஒரு பெண்.

"கம்பத்துல ஏறுனாலும் விடமாட்டாங்க போல" என்றார் பக்கத்தில் நின்றவர்.

மாமனார் பதறிப்போய் இறக்கச் சொன்னார். கீழே வருவதற்குள் மணி நின்றுவிட்டது. அழைப்பு குறுக்கிட்டதில் மடல் போகாமலே இருந்தது. அதற்குள் பூசாரி வந்துவிட்டார். தேர் நகரும் முன் பாட்டுப் போட்டாக வேண்டும். ஒரே கயிறு, ஏற வேண்டியவை இரண்டு. மாமனார் போனைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, அம்புட்டு அவசரமா?"

"அவசரம்னு இல்ல பூசாரி. அந்தாள ஒரு வாட்டியாவது ஜெயிச்சிரணும்."

பூசாரி சன்னிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அம்மா அஞ்சு நிமிசம் பொறுத்துக்குவா. ஏத்துப்பா."

செய்தி அனுப்பச் சிக்னல் தேடி நான் கூரைகளில் நின்றிருக்கிறேன். கடைகளில் வரிசையில் காத்திருந்திருக்கிறேன். ஆனால் ஒரு தோட்டமே அண்ணாந்து பார்த்து நிற்க ஒரு மடல் போனதை அன்றுதான் கண்டேன். பை இறங்கியது. மாமனார் திரையைப் பார்த்து, "போயிருச்சு" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அப்புறம்தான் ஒலிபெருக்கி ஏறியது, பாட்டு வந்தது, தேர் நகர்ந்தது.

தேர் நிலைக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே ஸ்பீக்கர்காரர் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுப் பையை மறுபடி ஏற்றினார். இறங்கிய போனில் குழுவின் மடல்கள் வந்து குவிந்திருந்தன. மாமனார் அதற்குள் கண்ணாடியை லயத்தில் வைத்துவிட்டு வந்திருந்ததால் நான் வாசித்தேன். குன்னூர்க்காரர் எழுதியிருந்தார்: "தோற்றுவிட்டேன். நானும் சொந்த ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே தண்ணீர்த் தொட்டியின் மேலேதான் சிக்னல். ஏணியில் நின்று எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்."

"அங்கிள் தினுவா! அங்கிள் ஜெயிச்சாச்சு!" என்று ஸ்பீக்கர்காரர் மைக்கில் கத்த, தரையில் கிடந்த ஒலிபெருக்கி அதிர்ந்தது. மாமனார் சிரித்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார்.

"பத்திரமா எறங்கச் சொல்லி அவருக்கு ஒரு மடல் போடணும்மா."

இந்த வருடத் திருவிழாவுக்கும் போயிருந்தோம். லயங்களுக்கு இன்னும் சிக்னல் வரவில்லை. கோயில் கம்பத்தில் இப்போது இரண்டு கப்பிகள் இருக்கின்றன.