என் கோட்டுத் துணி

எனக்கு தில்லியில் சர்க்கார் ஆபீசில் பியூன் வேலை. குளிர்காலக் கோட்டுக்குத் துணி ஆபீசில் கொடுப்பார்கள். தைத்துக்கொள்வது நம் பொறுப்பு. அந்த வருஷம் ஐப்பசியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அளவெடுத்தார். மார்கழியில்தான் கோட்டு கைக்கு வந்தது.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். பொத்தான் எட்டவில்லை. நாலு விரல் இடைவெளி.

துணியை அடித்துவிட்டான் என்று பட்டது. கொடுத்தது பெரிய துணி. மிச்சமென்று ஒரு துண்டு திரும்பவில்லை.

கோட்டு இல்லாமல் ஆபீசர் வாசலில் நிற்க முடியாது. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தேன். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

"துணி குறையல. நீங்கதான் பெருத்துட்டீங்க. மூஞ்சி பூசணிக்காயாட்டம் இருக்கு," என்றாள் மனைவி.

அவள் மேலும் சந்தேகம் வந்தது. "டால்டாவ அள்ளி ஊத்துறியா?"

"ஆமா, இங்க ஆறா ஓடுது. எட்டு சப்பாத்தி தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேக்குறது யாரு?"

அது நிஜம். ரெண்டு மாதமாகப் பசி அடங்கவில்லை. இருந்தாலும் கோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"மாஸ்டர்ஜி, என் துணியை யாருக்கு வித்தீங்க?" நாலு பேர் நிற்கும்போதே இந்தியில் கேட்டேன்.

அவர் நோட்டில் என் பழைய அளவைக் காட்டினார். மார்பு முப்பத்தி நாலு. டேப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு.

"அரே பாய், அப்படி என்னதான் சாப்பிடுறே?"

"புதுசா ஒண்ணுமில்லே. மூச்சிரைப்புக்கு மாத்திரை மட்டும்தான்."

அதுவும் ரெண்டு மாதமாகத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கோட்டை அங்கேயே போட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அதுல பசி எடுக்கும், முகம் ஊதும், உடம்பு போடும். நீயா நிறுத்திடாதே, ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். மாடிப்படி ஏற முடியுதா?"

"முடியுது."

"அப்ப கோட்டைப் பெரிசாக்கு."

திரும்பி வந்தபோது மாஸ்டர்ஜி கோட்டின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ரெண்டு பக்கமும் துணி மடித்திருந்தது. முதுகிலும் இருந்தது. எல்லாம் என் துணி.

"சர்க்கார் கோட்டு பல வருஷம் ஓடணும். உடம்பு ஒரே மாதிரியா இருக்கும்?" என்றார்.

சாயங்காலம் பொத்தான் எட்டியது. வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. திரும்பிப் போனேன். கடையில் அப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.

"மாஸ்டர்ஜி, நான் சொன்னது தப்பு," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் வாயில் குண்டூசி வைத்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.