கார்டு இல்லாமல் வந்த மேனேஜரம்மா

மேனேஜரம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருடைய சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மாமியாரைக் கேட்டால் ஹாஸ்டல் வார்டன் என்பார். நாத்தனாரைக் கேட்டால் நர்ஸ் என்பார். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருக்கிறார், பார்க்கும்போதெல்லாம் "பாவம், அதுங்களை வச்சு மேய்க்கிறியேம்மா" என்று உச்சுக் கொட்டுவார். அதைக் கேட்டால் மேனேஜரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மேய்க்கிறதுக்கு அவங்க என்ன ஆடா மாடா சித்தப்பா? நாலு பெரிய மனுஷங்க. அவங்க வீட்டுல அவங்க இருக்காங்க. நான் அங்க வேலைக்குப் போறேன், அவ்வளவுதான்" என்பார். சித்தப்பா அதற்கும் சேர்த்து ஒரு உச்சுக் கொட்டுவார்.

விஷயம் இதுதான். ஒரு சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண மாடி வீடு. அதில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு ஆண்கள் குடியிருக்கிறார்கள். எல்லோருமே நரை விழுந்தவர்கள். கூட இருந்து உதவுவதற்குப் பணியாளர்கள் முறை வைத்து வருவார்கள். யார் எப்போது வருவது, யாருக்கு எந்தப் பல் வலிக்கிறது, டிவி ரிமோட் யாருடைய தலையணைக்கு அடியில் இருக்கிறது, துணி துவைக்கிற மெஷினுக்குள் கரண்டி எப்படிப் போனது என்பதெல்லாம் மேனேஜரம்மாவின் இலாகா. வாசலில் பெயர்ப்பலகை வைக்கக் கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். "உங்க வீட்டு வாசல்ல போர்டு இருக்கா? பின்ன அவங்க வீட்டுக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அதனால் முதல்முறை வருகிற எவரும் அந்த வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலை அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். தன் படுக்கையறைக் கதவையே தட்டிவிட்டு, பதில் வரும்வரை வெளியே நிற்பார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாதுவான மனுஷன். அவரிடம் தினமும் காலையில் இரண்டு சட்டைகளைக் காட்டி, "நீலமா, வெள்ளையா? அவசரமே இல்ல, நீங்களே முடிவு பண்ணுங்க" என்பார். அவர் டீ போட்டுவிட்டால், "யாரு உதவியும் இல்லாம நீங்களே போட்டீங்களா? ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று பாராட்டுவார்.

"என்னையும் உன் ஆளுங்க மாதிரியே நடத்துறியே" என்று கணவர் ஒருநாள் குறைபட்டுக்கொண்டார்.

"அவங்களை நான் இதைவிட மரியாதையா நடத்துறேன்" என்றார் மேனேஜரம்மா. பொய்யும் இல்லை.

அந்த நால்வரில் ஒருவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். இடுப்பு பெல்ட்டில் ஒரு கொத்துச் சாவி எப்போதும் தொங்கும். உடைந்த பீரோ, எடைக்குப் போன சைக்கிள், இல்லாத ஊரின் இல்லாத பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அதில் சாவி உண்டு. திறக்கிற சாவி ஒன்றுகூடக் கிடையாது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய காப்பகத்தில் வளர்ந்தவர். அங்கே எல்லாக் கதவுக்கும் வெளிப்பக்கம் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம் மட்டும். இங்கே வந்த புதிதில், திறந்து கிடக்கிற கதவுக்கு முன்னாலும் யாராவது வந்து திறக்கட்டும் என்று நிற்பார். மாடியில் காற்றோட்டமான அறை காலியாக இருந்தும் வேண்டாம் என்றுவிட்டார். முன்வாசலை ஒட்டி, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், இரைச்சலான ஒரு சின்ன அறை. அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜரம்மா ஒருநாள் முன்வாசல் சாவியையே அவர் கையில் கொடுத்தார். நிஜமாகத் திறக்கிற சாவி. அன்றைக்குச் சாவிக்காரர் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாவி கொடுத்தால் போதுமா? பயிற்சி வேண்டாமா? ஆரம்பத்தில் யார் மணி அடித்தாலும் திறந்து, உட்காரவைத்து, டீயும் கொடுத்துவிடுவார். ஆகவே மேனேஜரம்மா வேஷம் கட்டினார். கணவர் கடையிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி. கேஸ் கம்பெனி என்று வந்தார், கூரியர் என்று வந்தார், தூரத்துச் சொந்தம் என்று வந்தார். சாவிக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு மேனேஜரம்மாவுக்கு அவரே போன் போட்டுக் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் கதவுச் சங்கிலியைக் கழற்றுவது.

மேனேஜரம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? கடைசிப் பாடமாக வேஷம் இல்லாமல் வந்து, "நான்தாங்க, கார்டை மறந்துட்டேன், திறங்க" என்றார். சாவிக்காரர் திறந்துவிட்டார். "நானே வந்தாலும் கார்டு இல்லாம திறக்கக் கூடாது. கெஞ்சுவேன், அழுவேன், நம்பவே நம்பாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த முறை சாவிக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. மேனேஜரம்மா வெளியில் நின்றபடியே கைதட்டினார். கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டினார். பணியாளர்களிடமும் உத்தரவு போட்டார். "பயிற்சி நடக்கும்போது யாரும் நடுவுல புகுந்து உதவி பண்ணாதீங்க. நான் போன் பண்ணினாலும் எடுக்காதீங்க." பின்னால் வரப்போகிற வம்பை இப்படித் தன் கையாலேயே நட்டுத் தண்ணீரும் ஊற்றி வளர்த்தார்.

எதிர்வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அந்த மாதிரி ஆளிடம் வீட்டுச் சாவி இருப்பது தெருவுக்கே ஆபத்து என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவர் கூடாது என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட வேண்டும். வெளிப்பக்கம் பூட்டு என்கிற வரியை மேனேஜரம்மா இரண்டு தடவை படித்தார். அதை எந்த முகத்தோடு சாவிக்காரரிடம் போய்ச் சொல்வது?

அதிகாரியிடம் பேசுவதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்தார். சுதந்திரம், நடமாட்டம், நினைத்த நேரத்தில் வெளியே போய்வருகிற உரிமை என்று நெஞ்சை உருக்குகிற பேச்சு. கணவரை அதிகாரியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். உரிமைகள் பாதி வருவதற்குள் அதிகாரி குறட்டை விட்டுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. நால்வர் வீட்டில் காத்திருந்த மேனேஜரம்மாவுக்கு அதிகாரியிடமிருந்து போன். "என்னம்மா, தெருவை மூணு தடவை சுத்திட்டேன். உங்க வீடு எங்கதான் இருக்கு?"

மேனேஜரம்மா போனும் கையுமாக அப்படியே ஓடினார். கதவு பின்னால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. அவருடைய அடையாள அட்டையும் சாவியும் மேசைமேல் அக்கடா என்று கிடந்தன.

மருந்துக்கடை வாசலில் அதிகாரி வியர்த்து வழிந்துகொண்டு நின்றார். கனத்த உடம்பு, வழுக்கைத் தலை, கக்கத்தில் ஒரு ஃபைல். வணக்கம் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"வீட்டுல பாத்ரூம் இருக்குல்ல?" என்றார். "காலையிலேர்ந்து ஒரே மீட்டிங். தண்ணியா குடிச்சுத் தள்ளிட்டேன்."

"வாங்க சார், இதோ வந்தாச்சு" என்று மேனேஜரம்மா வேகமாக நடந்தார். அதிகாரி அதைவிட வேகமாக நடந்தார்.

மணி அடித்ததும் கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இடுக்கில் சாவிக்காரரின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"யாரு?"

"நான்தாங்க. சாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். திறங்க."

"கார்டு?"

மேனேஜரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"கார்டு உள்ள மேசைமேல இருக்குங்க. இது பயிற்சி இல்ல. நிஜமா வந்திருக்கோம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்றார் சாவிக்காரர். சொன்னது உண்மைதான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால், அன்றைக்கு முறைக்கு வந்திருந்த பணிப்பெண் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மேனேஜரம்மா அவளுக்குப் போன் போட்டார். அவள் போனைப் பார்த்துச் சிரித்து, அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். உங்கள் தந்திரம் எங்களிடம் பலிக்காது என்கிற மாதிரி கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினாள். இவளைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைத்தவரும் மேனேஜரம்மாதான். யாரைப் போய் நொந்துகொள்வது?

அதிகாரி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். "ஐயா, நான் கவர்மென்ட் ஆபீசர்."

"கார்டு?"

அதிகாரியின் அட்டை காரில் இருந்தது. கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தது. "சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கார்டு கேட்டதில்ல" என்று முனகியபடி டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் அதிகாரியின் முகம் பல நிறங்களுக்குப் போய்வந்தது. அட்டை இடுக்கு வழியாக உள்ளே போனது.

இடுக்கில் தெரிந்த கண் அட்டைக்கும் அதிகாரிக்குமாகப் போய்ப் போய் வந்தது.

"இவருக்கு முடி இருக்கு" என்றார் சாவிக்காரர்.

"அது அப்ப எடுத்ததுங்க. இப்பக் கொட்டிப்போச்சு" என்றார் அதிகாரி. இந்த உண்மையை அவர் எவரிடமும் இவ்வளவு பணிவாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

"கிட்ட வாங்க. திரும்புங்க. ம். மூக்குல மச்சம் இருக்கு. சரி. இருங்க, போன் பண்ணிக் கேட்டுட்டு வரேன்."

வாசற்படியில் மேனேஜரம்மாவின் போன் அடித்தது.

"மேனேஜரம்மா, ஒரு சார் வந்திருக்கார். கார்டு சரியா இருக்கு. திறக்கலாமா?"

"திறங்க, புண்ணியமாப் போகும்."

சங்கிலி கழன்றது. அதிகாரி உள்ளே பாய்ந்தார். அவர் பின்னால் மேனேஜரம்மா ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"என்னங்க, நானு?"

"உங்ககிட்டதான் கார்டு இல்லையே" என்றது உள்ளே குரல்.

இடித்துத் தள்ளிக்கொண்டு போக மேனேஜரம்மாவால் முடியாது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர். ஜன்னலோரமாகப் போய் நின்றார். சாவியின் தலையெழுத்து உள்ளே தீர்மானமாகப் போகிறது; பேச்சு முழுவதும் அவர் தொண்டையில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லவேளையாக உள்ளே ரேடியோ இருந்தார். நால்வரில் அவரும் ஒருவர். கண்ணில் படுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். "சார் பாத்ரூமுக்குப் போறார். சார் கதவைச் சாத்திட்டார். சார் இன்னும் வரல. சார் வந்துட்டார். சார் சிரிக்கிறார். சார் சோபாவுல உக்காந்துட்டார்."

அதன்பிறகு அதிகாரியின் குரலே கேட்டது. இப்போது அதில் அவசரம் இல்லை.

"நல்லாத்தான் காவல் காக்குறீங்க. சரி, இந்தச் சாவி உங்களுக்கு எதுக்கு? எங்க போவீங்க?"

சுதந்திரம்னு சொல்லுங்க, கடைக்குப் போவேன்னு சொல்லுங்க என்று மேனேஜரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் துடித்தார்.

"எங்கயும் போகமாட்டேன்" என்றார் சாவிக்காரர்.

போச்சு என்று மேனேஜரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப எதுக்கு?"

"அங்க இருக்கும்போது அம்மா வந்தாங்க. வாசல் கேட் பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிட்டான். நான் ஜன்னல்ல நின்னேன். அம்மா கை காட்டினாங்க. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"மறுபடி வந்தாங்களா?"

"இல்ல. செத்துட்டாங்க."

ரேடியோகூடப் பேசவில்லை.

"இப்ப உங்களைப் பார்க்க வர்றதுக்கு யாராவது இருக்காங்களா?"

"தெரியாது. வந்தா நான் திறப்பேன்."

மேனேஜரம்மா ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், செருப்பு அலமாரிக்குப் பக்கத்து அறை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. சாவி என்றால் வெளியே போவதற்கு என்றே நினைத்துவிட்டார். அப்படித்தான் பேச்சும் எழுதினார். அந்தப் பேச்சை எழுதியதற்கு அவருக்கு வெட்கமாகவும், பேசாமல் போனதற்கு நிம்மதியாகவும் இருந்தது. அழுகை வேறு அடக்க முடியாமல் வந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதார்.

அதிகாரி ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார்.

"சாவி அவர்கிட்டயே இருக்கட்டும்மா. வெளிய பூட்டு கீட்டு ஒண்ணும் வேண்டாம், நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றார். "என் வீட்டுக்கும் இப்படி ஒருத்தர் இருந்தா என் மச்சினன் இவ்வளவு தடவை வந்துபோக மாட்டான்." பிறகு உள்ளே திரும்பி, "ஐயா, அந்தம்மா கார்டு மேசைமேல இருக்காம். பார்த்து உள்ள விடுங்க, பாவம்" என்றார்.

சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்தது. சாவிக்காரர் கையில் மேனேஜரம்மாவின் அட்டை. அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"என்னங்க, இப்பவுமா?" என்றார் மேனேஜரம்மா.

"போட்டோல நீங்க அழல" என்றார் சாவிக்காரர்.

மேனேஜரம்மா முகத்தை அழுந்தத் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கினார். போட்டோ எடுத்த நாளில் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

சாவிக்காரர் அவசரப்படாமல் ஒத்துப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழற்றி, கதவை அகலமாகத் திறந்து, "வாங்க" என்றார்.