சாமி அலுமாரிக்குள் நாலு கன்று

இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான். என் பெயர் டொலறஸ். லண்டனுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஹொலண்டில் இருந்தவள். இப்போது இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. நான் அங்கே சேர்வதற்கு இருபது வருடம் முன்பிருந்தே அந்த அறையில் போர்வை மடித்துக்கொண்டிருப்பவர் சிவமலர் அக்கா.

மலர் அக்காவைப் போலப் பயந்த மனுசியை நான் கண்டதில்லை. வீதியில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு விழும்வரை நடைபாதையிலேயே நிற்பார். பஸ்ஸில் பயண அட்டையைத் தட்டிய பிறகு, சரியாக விழுந்ததா என்று டிரைவரிடம் கேட்பார். வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். பாஸ்போர்ட், வீட்டு வாடகைப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாம் அதற்குள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்துப் பதினைந்து வருடம் ஆகியும் அந்தப் பை இறங்கவில்லை. "ஆரும் வந்து கேட்டால் உடனை காட்ட வேணுமெல்லோ" என்பார். இங்கே ஆர் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நான் சிரிப்பேன்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் கஞ்சா வளர்த்தார். நாலு கன்று.

காரணம் அவருடைய கணவர் சபாரத்தினம் அண்ணை. ஊரில் பட்ட ஷெல் துண்டு ஒன்று அவருடைய முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதோடுதான் முப்பது வருடம் இங்கே சாமான் ஏற்றும் வான் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் அது நரம்பை அழுத்தத் தொடங்கியது. ஒப்பரேசன் செய்தால் கால் விளங்காமல் போகலாம் என்றார்கள் டொக்டர்மார். அவர்கள் தந்த குளிசைகள் தலையைச் சுற்றவைத்ததே தவிர நோவைக் குறைக்கவில்லை. அண்ணையால் நிற்க முடியும், படுக்க முடியும். உட்கார மட்டும் முடியாது. குசினி மேடையில் சாப்பாட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவார். அக்காவும் எதிரில் நின்றே சாப்பிடுவார்.

"அந்த மனுசன் ஒருநாள் குந்தியிருந்து, ஆறுதலாய்ச் சாப்பிடுறதை நான் பாக்க வேணும் டொலறஸ்" என்று ஒருநாள் சூடான போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. ஹொலண்டில் என் பக்கத்து வீட்டுக்காரி இதே நோவுக்குக் கஞ்சா எடுத்ததைச் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? அங்கிருந்து வந்த பிறந்தநாள் வாழ்த்து மடலுக்குள் சிநேகிதி ஒருத்தி பகிடிக்கு வைத்து அனுப்பிய நாலு விதைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த நாட்டில் வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். எங்கள் வேலைக்குப் பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். பிடிபட்டால் அக்காவின் வேலை போகும். வேலையோடு ஹவுசிங் சங்கம் வாடகைக்குத் தந்த வீடும் போகும். சம்பாதிக்க வேறு ஆளில்லை. இவ்வளவும் தெரிந்தும் பயந்தாங்கொள்ளியான அக்கா விதைகள் இருந்த உறையை வாங்கித் தன் மேற்சட்டைப் பைக்குள் வைத்தார். 

ஒளித்து வைக்க அவர் தெரிந்தெடுத்த இடம் சாமி அலுமாரி. படுக்கையறைச் சுவரோடு இருக்கும் அந்த அலுமாரியின் மேல்தட்டில் முருகனும் அம்மனும். கீழே கதவு போட்ட இரண்டு தட்டு. எண்ணெய்ப் போத்தலும் கற்பூரமும் இருந்த இடத்தில் நாலு யோகட் கோப்பைகள் வந்தன. செடிக்கென்று ஒன்லைனில் எடுத்த விளக்கு ஊதா நிறத்தில் எரிந்தது. கதவிடுக்கால் அந்த ஊதா வெளிச்சம் கசிவதைப் பார்த்துவிட்டு மேல்வீட்டுக் கீர்த்திகா, "அன்ரி, அம்மனுக்குப் புது லைட்டோ? நல்ல வடிவாய் இருக்கு, எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டாளாம். அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணையிடமும் சொல்லவில்லை. பியர்ப் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற மனிதர் அவர். வளர்ந்த பிறகு என்ன செய்வது, எப்படிக் கொடுப்பது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவேயில்லை. முளைக்க வேண்டுமே என்பதுதான் அப்போதைய கவலை.

நாலும் முளைத்தன. நூல் போன்ற தண்டு, உச்சியில் இரண்டு சின்ன இலை. ஒன்று விதைக்கோதைத் தலையிலேயே தொப்பியாக வைத்துக்கொண்டு நின்றதாம். "மூச்சு விட்டாலும் சாயுது டொலறஸ்" என்று காதுக்குள் சொல்வார். காலையில் விளக்கேற்றும்போது தண்ணீர் விடுவார், மாலையில் விளக்கேற்றும்போது விடுவார், நடுவில் பயம் வந்தால் அப்போதும் விடுவார். பயம் எப்போதும் வந்தது. இரண்டாவது கிழமை முதலாவது கன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து விழுந்தது. அடுத்த நாள் இரண்டாவது. பிறகு மூன்றாவது. நாலாவது மட்டும் ஏனோ நின்றது.

இதற்குள் இன்னொரு பயம் அவரைப் பிடித்துவிட்டது. வீடு மணக்கிறதாம். இரண்டு இலைக் கன்றுக்கு என்ன மணம்? வெந்தயக் கீரைக்கு இருக்கிற மணம்கூட அதற்கு இல்லை. ஆனால் பயந்தவரின் மூக்குக்கு யார் புத்தி சொல்வது? எங்கள் சனத்துக்கு வீட்டு மணத்தை மறைக்கத் தெரிந்த ஒரே வழி சாம்பிராணி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போட்ட சாம்பிராணியை அக்கா தினமும் இரண்டு வேளை போடத் தொடங்கினார். யன்னலைத் திறந்தால் மணம் வெளியே போகும் என்று யன்னலையும் பூட்டினார். புகை போக வழியில்லாமல் அலாரத்தில் ஏறியது. அது ஒரு வீட்டு அலாரம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கே பொது அலாரம். ஒரே கிழமையில் மூன்று தரம், பதினெட்டு வீட்டுச் சனமும் குளிரில் வீதிக்கு இறங்கி நின்றது.

ஹவுசிங்கிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், அலாரங்களைப் பார்ப்பார்கள், எல்லா அறையையும் பார்ப்பார்கள்.

புதன்கிழமை அக்கா என்னிடம், "இந்தக் கடைசிக் கன்றை நாளைக்கு மட்டும் உம்மடை வீட்டிலை வைச்சிரும். எறிய மனம் வருகுதில்லை" என்றார்.

"ஐயோ அக்கா, என்ரை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ" என்றேன். விதையைக் கொடுத்த வாய்தான் அதையும் சொன்னது. அக்கா போர்வையை எடுத்து மடித்தார். அந்த முகம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

வியாழக்கிழமை எறிந்துவிடுவது என்று முடிவெடுத்து அண்ணை குளிக்கப் போன நேரம், எட்டரைக்கு அலுமாரியைத் திறந்திருக்கிறார். குப்பைத் தொட்டியடியில் கமரா இருக்கிறது. எதற்குள் சுற்றிக் கொண்டுபோவது என்று யோசித்தபடி பேப்பர் எடுக்கக் குசினிக்கு வந்தபோது பெல் அடித்தது. ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண், ஏணியோடு ஒரு நடுத்தர வயது மனிதர். அலுமாரிக் கதவு திறந்தபடியே இருக்கிறது என்பது அக்காவுக்கு அவர்களை உள்ளே விட்ட பிறகுதான் உறைத்தது. 

ஹோல் அலாரம் முடிந்தது, குசினி அலாரம் முடிந்தது. படுக்கையறைக் கதவை அந்தப் பெண் தள்ளினாள்.

உள்ளே சபாரத்தினம் அண்ணை உட்கார்ந்திருந்தார்.

நிலத்தில், சம்மணம் போட்டு, அலுமாரிக்கு முன்னால். வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கீழ்த்தட்டுக் கதவுகள் மூடியிருந்தன. அவருடைய முழங்கால் இரண்டும் அந்தக் கதவுகளோடு முட்டிக்கொண்டிருந்தன. கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்.

ஏணிக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சத்தமில்லாமல் அலாரத்தை மாற்றினார். பெண்ணின் கண் அலுமாரியில் நின்றது. "அந்த ஊதா விளக்கு எங்கே செருகியிருக்கிறது? வயரைப் பார்க்க வேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில்.  அண்ணை குரலை உயர்த்தினார்.

ஏணிக்காரர் பெண்ணின் கையை மெல்லத் தொட்டார். "அவர் கும்பிட்டு முடிக்கட்டும். நாங்கள் நிற்கிறோம்."

நின்றார்கள். நல்ல மனிதர்கள்தான், மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மரியாதைதான் கொன்றது. ஒரு தேவாரம் முடிந்து அடுத்தது தொடங்கியது. அண்ணையின் முதுகில் வியர்வை ஓடி வேட்டி நனைந்தது. குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து திரும்ப எடுத்துப் பாடினார். ஐந்து நிமிடம் உட்கார முடியாத மனிதர். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டு நிமிடம். பதினேழு. முருகா, அவருக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும், என்னைப் பொலிஸ் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று நினைத்தாராம். சொல்லிவிடலாம் என்று வாயையும் திறந்தாராம்.

அப்போது பெண்ணின் ஃபோன் அடித்தது. அடுத்த வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். அவள் மணியைப் பார்த்து, "யன்னலைத் திறந்துவைத்துப் புகை போடுங்கள், அது போதும்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். ஏணிக்காரர் கதவடியில் சப்பாத்தைப் போட்டபடி, மன்னிக்கவும் என்றார்.

அக்கா ஓடிவந்தார். அண்ணை இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அவை போயிட்டினம்."

"போயிட்டினமோ? அப்ப என்னை எழுப்பு."

எழுப்ப முடியவில்லை. கையைக் கொடுத்தார், கக்கத்தில் பிடித்தார், ஏலாது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று அக்கா கேட்டார்.

"முளைச்ச நாளிலையிருந்து தெரியும். நீ தண்ணியை அள்ளி அள்ளி விடுறாய். நீ வேலைக்குப் போனாப்போலை நான்தான் கோப்பையைச் சரிச்சு மிச்சத் தண்ணியை வெளியிலை ஊத்துறனான். மற்ற மூண்டையும் காப்பாத்த ஏலாமல் போச்சு." மூச்சு வாங்கினார். "எனக்காகத்தானே இவ்வளவு பயப்பிட்டனி. எனக்கு வேண்டாம், மலர். உன்ரை வேலை போனால் நாங்கள் எங்கை போறது? அதைப் பிடுங்கு."

அக்கா கதவைத் திறந்து கடைசிக் கன்றைப் பிடுங்கினார். இழுக்கவே தேவைப்படவில்லை, கையோடு வந்தது.

மத்தியானம் வரை அண்ணையால் எழும்ப முடியவில்லை. அம்புலன்சுக்கு ஃபோன் அடிக்கிறேன் என்று அக்கா சொன்னதற்கு, கொஞ்சம் பொறு, முதலில் பசிக்கிறது என்றார். அக்கா சோறும் கத்தரிக்காய்க் கறியும் போட்டு நிலத்தில் அவருக்கு முன்னால் வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். அண்ணை அலுமாரியில் சாய்ந்தபடி சாப்பிட்டார். இரண்டு வருடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு. சாப்பிட்டு முடியும்வரை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கறி உறைப்பாய்ப் போச்சு" என்றார்.

"ஓம், உறைப்புத்தான்" என்றார் அக்கா.