தராசின் கழுத்து

பட்டறையில் அவருக்குத் தராசு என்றுதான் பேர். டர்போ மாற்றிய டிரக்கை நேர்ச்சாலையில் ஒருமுறை அழுத்தி மிதித்துவிட்டு வருவார்; சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேருகிறது என்று சொல்லிவிடுவார். பிறகு வண்டியைத் திறன் அளக்கும் டைனோ மிஷினின் உருளைகள்மேல் ஏற்றி ஓட்டினால், திரையும் ஏறக்குறைய அதையே காட்டும். இருக்கை முதுகை எப்படித் தள்ளுகிறது, தலை எவ்வளவு பின்னால் போகிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

நரம்பு நோயில் விழுந்து எழுந்தபின் அவர் ஓட்டிப் பார்த்த முதல் வண்டி, மலைப்பாதையில் சுமை ஏற்றிச் செல்பவருடையது.

"முந்நூறு. அப்படியே எடுத்துட்டுப் போங்க."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று வண்டிக்காரர் சாவிக்குக் கை நீட்டினார்.

தராசின் மனைவியின் தம்பி குறுக்கே வந்தான். "ஒரு தடவை உருளையில ஓட்டிடலாம் மாமா. ஏத்தத்துல முழுச் சுமையோட போற வண்டி."

"நான் படுத்துக் கெடந்த நேரத்துல நீ பெரிய ஆளாயிட்ட."

ஆனாலும் தடுக்கவில்லை. உருளைகள் இரைந்து ஓய்ந்தபோது திரையில் இருநூற்று நாற்பது நின்றது.

டயர் வழுக்கியிருக்கும் என்றார் தராசு. வண்டியைக் கட்டிய பட்டைகளை இறுக்கினார்கள். சூட்டில் இன்ஜின் திணறுகிறது என்றார். பெரிய விசிறியை நெருக்கி வைத்தார்கள். மறுபடியும் இருநூற்று நாற்பது. மிஷின் பழுது என்றார்.

மாத்திரையோடு வந்திருந்த மனைவி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுவது அவள் தொழில். அவரையும் அப்படித்தான் எழுப்பி உட்காரவைத்தாள்.

"மிஷினை விடுங்க. உங்க கழுத்து இன்னும் நிக்கல. சட்டை மாட்டும்போதே தலை பின்னால சாயுது. தலையணையில தலையை அழுத்தித் தள்ளுற பயிற்சியைச் செய்யறீங்களா?"

"செய்யறேன்."

"தலையணையைக் கேட்டாத் தெரியும்."

தராசு பட்டறையின் இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் திறன் நூற்றெண்பது என்பது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு திருகுகூட மாற்றியதில்லை. திரும்பி வந்து இன்ஜினை அணைத்தபின்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு மாமா?"

"எரநூத்தி இருபதுக்குக் கொறையாம."

மைத்துனன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இறங்கி வண்டிக்காரரிடம் போனார். "முந்நூறு இல்ல. மிஷின் சொன்னதுதான். ஏத்தத்துல அதுக்குத் தக்க சுமை ஏத்துங்க."

"மிச்ச அறுபது எங்கண்ணே போச்சு?"

"அது வண்டியில இருந்ததே இல்ல."

சாவிகள் மாட்டும் பலகையிலிருந்து தன் கொத்தை எடுத்து மைத்துனன் கையில் வைத்தார். "இனிமே எந்த வண்டியும் உருளை ஏறாம வெளிய போக வேணாம். நான் சொன்னாலும்."

அன்று வீட்டில் யாரும் கூப்பிடாமலே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி அவர் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள்.

"தள்ளுங்க."

தள்ளினார். நெற்றி வேர்த்தது.

"எவ்வளவு வருது?" என்று கேட்டார்.

"கைக்குழந்தை அளவுக்கு."

அவர் வாதாடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினார்.