அக்காவின் சீட்டில் அறுபத்தாறு வயது

அரசாங்கத்தைக் கேட்டால் டைப்பக்காவுக்கு வயது அறுபத்தாறு. பெற்றவளைக் கேட்டிருந்தால் அறுபத்து நான்கு என்றிருப்பாள். நடுவில் இருக்கும் இரண்டு வருஷம் டைப்பக்காவுடையது அல்ல. அவளுக்கு முன்னால் பிறந்து, பதினாலு மாதத்தில் போய்ச் சேர்ந்த அக்காவுடையது. அக்காவின் பிறப்புச் சீட்டை வைத்துக்கொண்டு, அக்காவுக்கு வைத்த பெயரிலேயே டைப்பக்கா பள்ளிக்கூடம் போனாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், புருஷனையும் பறிகொடுத்தாள். ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது என்று அலுவலகத்தில் வழியனுப்பி வைத்த அன்று அவளுக்கு நிஜத்தில் ஐம்பத்தாறுதான். "ரிடையர் ஆனது எங்க அக்கா. நான் சும்மா கூட வந்தேன்" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். அப்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

ஆலைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பதினாறு வரிசை, வரிசைக்கு இருபது வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிணறு. கிணற்றை ஒட்டியே சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து எத்தனை பிள்ளைகள் வயிற்றால் போய்ச் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டிய இடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், அங்கே எல்லாம் பிரெஞ்சில். பிள்ளை பிறந்தால் மூன்று நாளுக்குள் அப்பன் நேரில் வர வேண்டும், இரண்டு சாட்சிகளைக் கூட்டி வர வேண்டும். மூன்று பேருக்கும் ஆலையில் அன்றைய வேலை போச்சு. அப்படி நாயாய் அலைந்து வாங்கிய சீட்டை, பிள்ளை செத்துவிட்டது என்பதற்காக யாராவது வீணாக்குவார்களா? சாவை எழுதவே போக மாட்டார்கள். அடுத்து அதே போல் பெண்ணோ ஆணோ பிறந்தால் அதே பெயர், அதே சீட்டு. குடியிருப்பில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

டைப்பக்காவுக்கு விவரம் தெரிந்தது பள்ளிக்கூட வாசலில். "எத்தனை வயசுன்னு கேட்டா ஆறுன்னு சொல்லு" என்று அம்மா அழுத்திச் சொன்னாள். "எனக்கு நாலுதானேம்மா?" என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஆலைப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை அவள் உருப்போட்டே கற்றாள். அப்புறம் அதே பதிவு அலுவலகத்தில் தட்டச்சு வேலை, ஊருக்கு அவள் டைப்பக்கா ஆனது அப்படித்தான். முப்பத்தோரு வருஷம் அந்தப் பழைய பதிவேடுகளைப் பார்த்து நகல் அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. நகல் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள். ஆஸ்பத்திரியில் துடைக்க ஒருவன், சமையல்கூடத்தில் கழுவ ஒருவன், காவலுக்கு ஒருவன். அவர்களுக்கு அடித்துக் கொடுக்கும்போதே இது எந்த வீட்டுச் செத்த பிள்ளையின் சீட்டு என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்ததில்லை. அவள் பேசும் பிரெஞ்சும் அந்தப் பதிவேடுகளில் இருந்து வந்ததுதான், வாயைத் திறந்தால் பத்திரம் வாசிப்பது போலவே இருக்கும்.

ஆலையை மூடி வெகுகாலம் கழித்து, ஒரு நாள் வரலாற்றுப் பேராசிரியர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். நகர மன்றத்தில் கண்காட்சி வரப்போகிறதாம். பிரெஞ்சு பேசும் நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்துகின்றனவாம். 'ஒரே மொழி, ஒரே குடும்பம்' என்று பெயர். பழைய ஆலைக் கம்பெனியின் அறக்கட்டளை செலவை ஏற்கிறதாம். நம் ஊர் வரலாறும் அதில் வர வேண்டும், பழைய கையெழுத்தைப் படிக்க உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார். டைப்பக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்து நாற்பது வருஷத்துப் பிறப்புகளையும் இறப்புகளையும் வீதி வாரியாக அடித்துக் கொடுத்தாள். "உள்ளதை உள்ளபடி அடிங்கம்மா, அது போதும்" என்றார் பேராசிரியர். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஏன் கேட்கவில்லை என்று பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் அல்ல.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். மண்டபத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருந்தது. பெரிய வீட்டுத் தெருக்களில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் நூற்றுக்குப் பதினெட்டு. ஆலைக் குடியிருப்பில் நூற்றுக்கு மூன்று. கீழே, 'ஆலை நிர்வாகம் நடத்திய இலவச மருந்தகத்தின் அரிய சேவைக்கு இதுவே சான்று.' பக்கத்தில் மருந்தகத்தின் படம்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் படித்தபோது புரிந்தது. பெரிய வீடுகளில் சொத்துப் பிரிக்க வேண்டும், அதனால் பச்சைப் பிள்ளை செத்தாலும் ஓடிப் போய் எழுதினார்கள். குடியிருப்பில் பிரிக்க என்ன இருந்தது? சாவை எழுதவில்லை, அதனால் யாரும் சாகவில்லை. பிள்ளைகளைக் கொன்றவனுக்கு அந்தப் பிள்ளைகளை வைத்தே பாராட்டுப் பத்திரம்! அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் இவள்.

நேரே பேராசிரியரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, பலகை அச்சாயிடுச்சு. நாளைக்குக் காலையில திறப்பு. இப்போ போய் இப்படிச் சொன்னா எப்படி?"

"பொய்யின்னு சொல்றேன். அச்சாயிடுச்சுங்கறீங்க."

"நீங்க அடிச்சுக் குடுத்த கணக்குதானேம்மா அது?"

இதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் அவளைவிட ஏழு வயது மூத்தவர். நாற்பது வருஷம் அதே ஆலையில் நெசவு. அவர் சட்டைப் பையில் இருப்பதும் ஒரு செத்த அண்ணனின் சீட்டுதான். அவர் மகன் அந்தச் சீட்டின் பலத்தில் ஒரு பிரெஞ்சு பேசும் நாட்டில் குடியுரிமை வாங்கி, பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"நாளைக்கு மேடையில சொல்லப் போறேன். என்னை ஒரு பழைய பதிவை வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. அக்காவோடதை வாசிக்கப் போறேன்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்கு என்ன கேடு வந்துச்சு? என் பிள்ளையை அங்கிருந்து துரத்தி விடணுமா?"

"என் சீட்டை மட்டும்தான் சொல்லுவேன். உன்னோடதைத் தொட மாட்டேன்."

"ஒரு நூலை இழுத்தா முழுத் துணியும் பிரிஞ்சு வரும். ஆலையில வேலை பார்த்தவனுக்குச் சொல்லித் தர்றியா நீ? செத்தது செத்தாச்சு. வாயை மூடிக்கிட்டு இரு."

"அறுபது வருஷமா மூடிக்கிட்டுத்தான்ணே இருந்தோம். அதைத்தான் பலகையில எழுதி வச்சிருக்கான்."

அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் வெளிநாட்டு விருந்தினர், பின் வரிசைகளில் குடியிருப்புக்காரர்கள், ஓரத்தில் அண்ணன். பெரிய திரையில் நாலைந்து நாடுகளிலிருந்து முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. டைப்பக்கா பதிவேட்டைத் திறந்து, அந்தப் பத்திரப் பிரெஞ்சில் வாசித்தாள். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன நெசவாளிக்கு ஒரு பெண் பிறந்தது, தகப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பக்க ஓரத்தில் பின்னால் சேர்த்த குறிப்பு, இந்தப் பெண்ணுக்கு இன்னாரோடு கல்யாணம் ஆனது.

முன் வரிசை புன்னகைத்தது. அவள் பதிவேட்டை மூடிவிட்டுத் தமிழில் ஆரம்பித்தாள்.

"இந்தப் பொண்ணு பதினாலு மாசத்துல செத்துப் போச்சு. ஓரத்துல எழுதியிருக்கே, அந்தக் கல்யாணம் என்னோடது. இவ சீட்டுலதான் நான் வாழ்ந்தேன். இவ சாவை எங்கேயும் எழுதல. அதனால இவ உங்க பலகையில உயிரோட இருக்கா. மருந்து குடுத்துக் காப்பாத்தினோம்னு எழுதியிருக்கீங்க. என்னத்தைக் காப்பாத்தினீங்க?"

அதையே பிரெஞ்சிலும் சொன்னாள். பின் வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கை தட்டவில்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவன் பையிலும் ஒரு சீட்டு இருந்தது. அண்ணனும் போனார். அவர்கள் மேல் அவளுக்கு வந்த கோபம், கம்பெனி மேல் வந்ததற்குக் குறைந்தது இல்லை.

அப்போது திரையில் ஒரு கட்டத்திலிருந்து குரல் வந்தது. வேறு கண்டத்தில் ஏதோ துறைமுக ஊர், பருத்த உடம்புள்ள ஒரு மருத்துவச்சி. அந்தம்மா பேசிய பிரெஞ்சு வேகமானது, டைப்பக்காவுக்கு முக்கால்வாசிதான் பிடிபட்டது. அதுவே போதுமாக இருந்தது. எங்கள் தோட்டக் குடியிருப்பிலும் இதேதான், நான் பிரசவம் பார்த்த தாய்மார்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பலகையைக் கழற்றி விறகுக்குப் போடுங்கள் என்றாள். ஒரே மொழி ஒரே குடும்பம் என்று அத்தனை பேர் பேசியதில், டைப்பக்காவுக்குச் சொந்தமாகப் பட்டது அந்த ஒரு குரல்தான். மறு நிமிஷம் கட்டம் இருண்டது. அந்த இடத்தில் ஒரு பாட்டுக் குழு வந்து சிரித்தது.

பேராசிரியர் மேடையேறி அவள் தோளைத் தொட்டார். "உணர்ச்சி வேற, ஆதாரம் வேறம்மா. எங்களுக்குப் பதிவேடுதான் ஆதாரம். அதுல ஒரு சாவு ஏறட்டும், மறுநாளே பலகையில அதுக்கு இடம் குடுக்கறேன்." நாலு பேர் முன்னால் சொன்னார், மைக்கில் சொன்னார்.

"எழுதிட்டு வர்றேன்" என்றாள் டைப்பக்கா.

திங்கட்கிழமை காலையில் பதிவு அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். பதிவாளர் இருபது வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். மனுவைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா? இந்தச் சாவு ஏறினா செத்தது நீங்க. பென்ஷன் நிக்கும், பாங்குல கணக்கு நிக்கும். நாளைக்கு உடம்புக்கு முடியலன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, ஆளே இல்லன்னுடுவான்."

"நான் எங்கேயும் பிறக்கவே இல்லையே. என்னை எப்படிச் சாகடிப்பீங்க?"

"விளையாடாதீங்க. தீர்ப்பு கோர்ட்டுலதான். இங்கே வாக்குமூலம் எழுதி அனுப்பலாம். அதுக்கும் குழந்தை செத்ததைக் கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தர் வேணும். நீங்க அதுக்கப்புறம் பிறந்தவங்க, நீங்க சாட்சி ஆக முடியாது. யாராவது இருக்காங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அம்மா இல்லை, அப்பா இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் யாரும் மிச்சம் இல்லை. அண்ணன் அப்போது சின்னப் பையன், பார்த்திருந்தாலும் வர மாட்டார். முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்த அறையில், மனு கொடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாட்சிகள் எல்லாம் சாகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்து கண்காட்சி வைத்தார்களோ என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் உள்ளே வந்தார். தங்கையைப் பார்க்கவில்லை. நேரே பதிவாளர் முன்னால் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பார்த்தேன். எழுது."

"ஐயா, நீங்க குழந்தையைப் பார்த்தீங்களா, சாவைப் பார்த்தீங்களா?"

"அந்தப் பலகையில மருந்தகம்னு ஒரு படம் போட்டிருக்கானே, அந்த வாசல்லதான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை என் மடியில. விடியக்காலையிலிருந்து தண்ணியாப் போயிட்டிருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. தட்டினேன். ஜன்னலைத் திறந்து, இன்னைக்கு ஆபீஸ் வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டு மூடிட்டான். மறுபடியும் தட்டினேன். அப்புறம் பிள்ளை அழறதை நிறுத்திடுச்சு. தூங்குதுன்னு நினைச்சேன்."

டைப்பக்கா எழுந்து நின்றாள். அறுபத்து நான்கு வருஷத்தில் இந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை.

"அப்போ உங்க வயசு?" பதிவாளரின் குரல் இறங்கியிருந்தது.

"ஆறு. சீட்டுல எவ்வளவுன்னு கேட்காதே, அதுக்கு நான் வரல."

"தேதி ஞாபகம் இருக்கா?"

"தேதி தெரியாது. கூலி போடற நாள். வரிசையில நிக்காதவங்களுக்கு அடுத்த வாரம்தான்னுடுவான். அப்பாவும் அம்மாவும் அங்கே நின்னாங்க. அதனாலதான் என்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. சாயங்காலம் குழியை மூடிட்டு அப்பா ஷிப்டுக்குப் போயிட்டார்."

பதிவாளர் எழுதிக்கொண்டே வந்தார். இறந்தவர் பெயர், பெற்றோர், இடம், சாட்சி. டைப்பக்கா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்தான், உடம்பெல்லாம் கோபம்.

"கதவு பூட்டியிருந்ததுன்னு அண்ணன் சொன்னாரே, அது எங்கே?"

"அக்கா, அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் கிடையாது."

"அப்போ ஒரு கட்டம் போடுங்க" என்றாள்.