கடைசி வரிக்குக் கீழே

என் தம்பிக்குத் தெருவில் பெயர் பூதக்கண்ணாடி. கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாகக் கண் பரிசோதிக்கிறான். எங்கள் தெருவில் பாதி மூக்குகளில் உட்கார்ந்திருப்பது அவன் பார்த்துக் கொடுத்த கண்ணாடிதான். மற்றபடி சமர்த்து என்று சொல்ல முடியாது. உப்பு வாங்கப் போனால் சர்க்கரையோடு வருவான். ஆனால் லென்ஸ் என்று வந்துவிட்டால் ராட்சசன். ஒரு லென்ஸ் மூடாமல் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. நான் கண்ணாடியைக் கழற்றி முகம் துடைப்பதற்குள் அதைக் கூட்டில் போட்டு மூடிவிடுவான். “தூசி கீறிடும்க்கா” என்பான். அந்தக் கூட்டைத் தேட எனக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும்.

பெண்டாட்டியையும் அந்தக் கடையில்தான் பிடித்தான். துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள், தலைவலி என்று கண் காட்ட வந்தாள். கடைச் சுவரில் எழுத்து அட்டை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. இவள் கடைசி வரியோடு நிறுத்தாமல், அதற்கும் கீழே அச்சடித்தவன் எறும்பு எறும்பாகப் போட்டிருந்த “இரண்டாம் பதிப்பு, ஐந்தாயிரம் படிகள்” என்பதையும் படித்தாளாம். “உங்களுக்குக் கண்ணாடி வேணாங்க, எங்களுக்குத்தான் உங்க கண்ணு வேணும்” என்று இந்த வாயில்லாப் பூச்சி சொன்னானாம். மூன்றே மாதத்தில் கல்யாணம். நானும் தம்பியும் இருந்த வீட்டுக்கு அவளும் வந்தாள். “கழுகுக் கண்ணுக்காரிடா, ஒண்ணும் ஒளிக்க முடியாது, ஜாக்கிரதை” என்று நான்தான் சொன்னேன். எனக்குக் கரிநாக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கறுப்புத் துணியில் கறுப்புப் பொத்தான் தப்ப ஆரம்பித்தது. பிறகு பொழுது சாய்ந்தால் நாற்காலியில் முட்டிக்கொண்டாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கிற திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, மருந்து கிடையாது, நடுப்பார்வை எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

கடையில் அட்டைக்குப் பதில் விளக்கு வைத்த புதுப் பெட்டி வந்ததும், அந்தப் பழைய அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து நடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். மாதாமாதம் முதல் ஞாயிறு காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவான். அவள் தட்டாமல் சொல்வாள். “நடுப்பார்வை அசையலக்கா!” என்று அடுப்படிக்கு ஓடிவந்து சொல்வான். அந்த ஒரு நாள் உப்பு வாங்கப் போனால் உப்போடே வருவான்.

போன வருஷம் ஒரு மத்தியானம். அவள் அட்டையில் மூக்கு உரச நின்றிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, “அண்ணி, கடைசி வரியில மூணாவது எழுத்து வவா, பவா? மறந்துட்டேன்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அடிப்பாவி! எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா. அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. ஊருக்கே பார்வை குடுக்கிறவர். பெண்டாட்டிக்கு முடியலன்னா ஒடிஞ்சு போயிடுவாரு.”

திட்டினேன். வாய் வலிக்கத் திட்டினேன். அப்புறம் “வ” என்றேன். அன்றிலிருந்து நானும் கூட்டுக் களவாணி.

இந்த லட்சணத்தில்தான் தொலைநோக்கி வந்து இறங்கியது. கல்யாணமான புதிதில் மின்சாரம் போன ஓர் இரவு அவள், “சனிக்கு நெஜமாவே வளையம் இருக்கா, இல்ல படத்துல போட்டு ஏமாத்துறாங்களா?” என்று கேட்டாளாம். அதை இருபது வருஷம் மனசில் வைத்திருக்கிறான் மடையன்.

“சனி பிடிக்காம இருக்கணும்னுதான்டா எல்லாரும் ஓடுவாங்க. நீ ஏன்டா தேடிப் போயிப் பிடிக்கிற?”

“நடுப்பார்வை இருக்கிறப்பவே காட்டிடணும்க்கா. அப்புறம் காட்ட முடியாது.”

சுவரில் தொங்குகிற அட்டையை மனப்பாடம் செய்யலாம். வானத்தை எப்படிச் செய்வது?

மறுநாள் இருட்டியதும் கொல்லையில் கடை விரித்தான். முதலில் முக்காலியின் ஒரு காலைத் தலைகீழாக மாட்டினான். அடுத்து, “கிடைச்சிருச்சு!” என்று கத்தினான், பார்த்தால் பக்கத்து வீட்டு மாடி விளக்கு. அந்த வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “என்ன பூதக்கண்ணாடி, எங்க வீட்டுல என்ன குழம்புன்னு பாக்குறியா?” என்றார். நிலாவைப் பிடித்தான், அது தலைகீழாக இருந்தது. “வித்தவன் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே குழாயை மயிரிழை மயிரிழையாகத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்த மஞ்சள் புள்ளியை நோக்கி நகர்த்தினான். அதற்கே அரை மணி நேரம் ஆனது.

“அக்கா, வந்து பாரு.”

குனிந்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கறுப்புக்கு நடுவில் குட்டியாக ஓர் உருண்டை. அதைச் சுற்றி, கொஞ்சம் சாய்ந்து, தொடாமல் நிற்கிற ஒரு வளையல். அவளுக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைக்கிறதே என்று அழுகை வந்தது.

“சீக்கிரம் அவளைக் கூட்டிட்டு வாக்கா. நிக்க மாட்டேங்குது, ரெண்டு நிமிஷத்துல ஓடிடுது” என்றான்.

உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே பாடம் நடத்தினேன். உருண்டை, வளையல், சாய்வு, மஞ்சள். “எந்தப் பக்கம் சாய்வு அண்ணி?” “வலது பக்கம் மேலே.” “ஒட்டியிருக்கா?” “இல்லடி, நடுவுல இருட்டு.” இரண்டு தடவை சொல்ல வைத்தேன். நேரம் போனது எனக்குத் தெரியவில்லை.

கொல்லைக்கு வந்ததும் அவன் அவள் தோளைப் பிடித்துக் குனியவைத்தான். “மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாரு. அவசரமில்ல.”

அவள் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் காக்கவைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: “அம்மாடி… நெஜமாவே இருக்குங்க. வளையல் மாதிரி. வலது பக்கம் மேல சாஞ்சிருக்கு. ஒட்டாம, நடுவுல இருட்டு.”

தம்பி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அவ்வளவு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. “நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்று குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கை மட்டும் குழாயின் மேலேயே ஊர்ந்து, அதன் முன்வாய்வரை போய், அங்கே நின்றது.

மூடி போட்டிருந்தது. நான் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், பனி விழுகிறதே என்று கைப்பழக்கத்தில் லென்ஸை மூடியிருக்கிறான் பாவி.

சத்தமில்லாமல் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்ததையும் பார்த்தான். மூடி இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அது எனக்குத் தெரியும். அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

“தெரியுதாங்க?” என்று கேட்டாள் அவள்.

“தெரியுது. நீ சொன்ன மாதிரியே இருக்கு” என்றான்.

அன்று இரவு நடையில் அட்டையைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேல் வைத்தான். “ஏன் சொல்லல?” என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். “டெஸ்ட் இனிமே வேணாம்னு நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்” என்றான். சொல்லத் தைரியம் வரவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, “என்னங்க, வாங்க, நேரமாச்சு” என்று கூப்பிட்டாள்.

அவன் வந்தான். சுவரில் வெறும் ஆணி. அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மூலையிலிருந்த குச்சியை எடுத்து, அட்டை இருந்த இடத்தில், வெறும் சுண்ணாம்பின் மேல், முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டான். அவள் சொன்னாள். அடுத்ததைத் தொட்டான். சொன்னாள். ஒரு வரி விடாமல், ஓர் எழுத்து தப்பாமல், கடைசி வரிவரைக்கும் வந்தார்கள்.

“அதுக்குக் கீழ?” என்று கேட்டான். கேட்டுவிட்டு இருமினான்.

அவள் சிரித்துவிட்டாள். புதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, “இரண்டாம் பதிப்பு, ஐந்தாயிரம் படிகள்” என்றாள்.

“எல்லாம் சரியா இருக்கு” என்றான் என் தம்பி.